பிள்ளையாரின் இன்னொரு கண்

தங்கச்சிகளா, நீங்கள் அனுப்பிய தீபாவளிப் பொட்டலப் பட்டியலைப் பார்த்தேன். அழகாகத்தான் போட்டிருக்கிறீர்கள். கோல அச்சு ஒன்று, அகல் செய்ய களிமண் ஓர் உருண்டை, வண்ண அட்டை நான்கு. அதற்குக் கீழே, "பாசிமணி – கொஞ்சம்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். கொஞ்சம் என்றுதான் இருந்தது. கொஞ்சம் என்றால் எத்தனை? பன்னிரண்டா, இருபதா? உங்களில் யாருக்காவது தெரியுமா?

இந்தப் பொட்டல வேலையை உங்களிடம் ஒப்படைத்த பிறகும் இந்த அம்மா நொய் நொய் என்கிறாரே என்று நீங்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்த "கொஞ்சம்" ஒரு நாலு வயதுப் பிள்ளையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது. அதைச் செய்தவள் நான்தான். இதுவரை உங்களிடம் முழுசாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் பாலர்பள்ளி ஆசிரியையாக முப்பது வருடம் கத்திக் கத்தித் தொண்டை போன பிறகு, பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கும் தாய்மார்களுக்காக இந்த வேலையை ஆரம்பித்தேன். ஒவ்வொரு பண்டிகைக்கும் வீட்டுக்கு ஒரு பொட்டலம். பொங்கலுக்குக் குட்டிப் பானை, ஹரி ராயா நோன்புப் பெருநாளுக்குக் காகிதத்தில் பின்னும் கெதுபாட் சோற்றுக்கூடு, சீனப் பெருநாளுக்குச் சிவப்பு விளக்கு. பண்டிகை அன்று காலையில் கணினித் திரையில் எல்லாரும் கூடுவோம், நான் இங்கிருந்து சொல்லச் சொல்ல அவர்கள் அங்கே செய்வார்கள். அப்போது பன்னிரண்டு வீடுகள். கிள்ளானில் சில, ஸ்ரீ கெம்பாங்கானில் சில, செந்தூலில் ஒன்று.

எனக்குப் பயந்தாங்கொள்ளி டீச்சர் என்று பெயர். விளக்குக்கு மெழுகுவத்தி தர மாட்டேன், பேட்டரி விளக்குதான். கத்தரிக்கோல் முனை மழுங்கித்தான் இருக்க வேண்டும். பலூன் கிடையவே கிடையாது. இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவள் எங்கே சறுக்கினேன் தெரியுமா? பிள்ளையாரின் கண்ணில்.

விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார். கண்ணுக்குக் குன்றிமணி. சிவப்பு விதை, ஓர் ஓரத்தில் கறுப்புப் பொட்டு. பிள்ளையார் என்றால் கண்ணுக்குக் குன்றிமணிதானே, நம் வீடுகளில் வேறு எதையாவது வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? முந்தின வருடம் பிள்ளைகள் விரலால் வைத்து அழுத்திய கண்கள் களிமண் காய்ந்ததும் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டன. ஒரு பையன் தேம்பித் தேம்பி அழுதான், "டீச்சர், சாமிக்குக் கண்ணு தெரியல." அது என் மனதில் தங்கிவிட்டது. அதனால் அடுத்த வருடம் நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். ஊசியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, அனுப்பும் ஒவ்வொரு குன்றிமணியிலும் ஓர் ஓட்டை. அந்த ஓட்டையில் ஈர்க்குச்சித் துண்டைச் செருகிக் களிமண்ணில் குத்தினால் கண் விழவே விழாது. இரண்டு நாள் உட்கார்ந்து ஓட்டை போட்டேன், விரலெல்லாம் சுட்டுக்கொண்டேன். பெருமை தாங்கவில்லை. பிறகு ஒவ்வொரு பொட்டலத்திலும் கொஞ்சம் போட்டேன். பிள்ளைகள் தொலைப்பார்களே என்று எண்ணாமல் அள்ளிப் போட்டேன்.

சதுர்த்தி அன்று காலை வகுப்பு நன்றாகவே போனது. முடிவில், "எல்லாரும் பிள்ளையாரத் தூக்கிக் காட்டுங்க" என்றேன். பன்னிரண்டு பிள்ளையார்கள் திரையில் எழுந்தார்கள். செந்தூலில் இருந்து மகிழ் காட்டியதற்கு ஒரே ஒரு கண். "அட, ஒத்தக்கண்ணுப் பிள்ளையாரா!" என்று நான் சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். மகிழ் சிரிக்கவில்லை. அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு வகுப்பை முடித்தேன்.

கால் மணி நேரத்தில் அவள் அம்மா கவிதா கூப்பிட்டாள்.

"டீச்சர், இன்னொரு கண்ணு எங்கன்னு கேட்டேன். முழுங்கிட்டியான்னு அதட்டினேன், ஆமாங்கறா."

நான் யோசிக்கவே இல்லை. "ஒன்னும் ஆகாது லா. பட்டாணி, பாசிமணி, அம்பது காசு, எல்லாத்தையும் முழுங்கின பிள்ளைங்கள நான் பாத்தாச்சு. நாளைக்கு வெளிய வந்துரும். வாழப்பழம் குடு" என்றேன். கவிதா, "அப்பாடா" என்று போனை வைத்தாள்.

தங்கச்சிகளா, அனுபவம் நல்லதுதான். ஆனால் சில சமயம் அது நமக்கு முன்னால் வாயைத் திறந்துவிடும். அன்று பேசியது நானில்லை, என் முப்பது வருடம். அந்த முப்பது வருடத்தில் ஒரு பிள்ளைகூட குன்றிமணியை முழுங்கியதில்லை.

தேநீர் போடப் போனேன். அடுப்புப் பக்கத்தில் அந்த ஊசி கிடந்தது, முனை கறுத்துப் போய். எதற்கும் பார்ப்போமே என்று கைப்பேசியில் குன்றிமணி என்று தேடினேன். விஷம் என்று முதல் வரியிலேயே இருந்தது. படித்துக்கொண்டே போனேன். தோல் உடையாமல் முழுசாக முழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடுமாம். மென்றாலோ, தோலில் ஓட்டை இருந்தாலோ ஆபத்து என்று போட்டிருந்தது. ஓட்டை இருந்தாலோ.

கவிதாவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. கார் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு, மேசையில் மிச்சமிருந்த குன்றிமணிப் பையையும் கையில் பிடித்துக்கொண்டு படியில் இறங்கும்போது எடுத்தாள்.

"எங்கம்மா போன?"

"பூச பண்ணிட்டிருந்தேன் டீச்சர். மகிழ் தூங்கிட்டா."

"எழுப்பு."

"இப்பதான் படுத்தா..."

"எழுப்பு கவிதா! தூக்கிட்டுக் கீழ எறங்கி நில்லு. நான் காடிய எடுத்துட்டு வரேன், ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"ஏன் டீச்சர்? ஒன்னும் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

இங்கேதான் என் இரண்டாவது தப்பு. "சும்மா ஒரு செக்கப்தான்மா" என்றேன். பயப்படுத்த வேண்டாம் என்று அப்படிச் சொன்னதாக அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். என் மரியாதை போய்விடுமே என்றுதான் சொன்னேன்.

செந்தூல் அடுக்குமாடிக்குக் கீழே அவர்கள் நின்றார்கள். அரைத் தூக்கத்தில் இருந்த மகிழ் பின் இருக்கையில் ஏறி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திரையில் தவிர என்னை அவள் நேரில் பார்த்ததில்லை. "டீச்சர், கம்ப்யூட்டர்ல இருந்து எப்டி வெளிய வந்தீங்க?" என்றாள். அவள் பேசுகிறாளே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. வழியெல்லாம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓட்டினேன். அவள் பதில் சொல்லத் தாமதித்தால் கண்ணாடியில் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஒரு மலாய் டாக்டர், சின்னப் பெண். என் பையில் இருந்த குன்றிமணியைக் காட்டினேன். பார்த்த உடனே அவருக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. எத்தனை மணிக்கு முழுங்கினாள், வாந்தி உண்டா, வயிற்று வலி உண்டா என்று மலாயில் வரிசையாகக் கேட்டார். கடைசியில், "விதை முழுசா இருந்ததா? தோல் உடையலையே?" என்றார்.

"முழு விதைதான் டாக்டர். இதே மாதிரிதான்" என்று கவிதா என் பையைக் காட்டினாள்.

டாக்டர் எழுத ஆரம்பித்தார்.

பையில் இருந்தது மிச்சம். ஓட்டை போடாதது. ஓட்டையும் அதன் ஆபத்தும் சேர்த்துத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். கவிதா ஈர்க்குச்சியோடு செருகியிருந்த கண்ணைப் பார்த்திருந்தாலும், ஓட்டையால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை அதோடு முடிந்துவிடும். டாக்டரின் பேனா இரண்டு வரி ஓடும்வரை நான் சும்மாதான் நின்றேன். இதை உங்களிடம் மறைத்து என்ன பயன்? இரண்டு வரி ஓடும்வரை நின்றேன்.

பிறகு சொன்னேன். "டாக்டர், அவ கிட்ட இருந்ததுல ஓட்டை இருக்கு. நான்தான் ஊசியால போட்டேன்."

பேனா நின்றது. டாக்டர் எழுந்து நர்ஸைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கட்டில், கையில் ஊசி, ரத்தம், கரி கலந்த கறுப்பு மருந்து. மகிழ் அதைத் துப்பித் துப்பிக் கத்தினாள். கவிதா பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு காலைப் பிடிக்கப் போனேன்.

"நீங்க தொடாதீங்க டீச்சர்" என்றாள் கவிதா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

சுவர் ஓரமாகப் போய் நின்றேன். என் ஆயுசில் யாரும் என்னை ஒரு பிள்ளையிடம் இருந்து விலகச் சொன்னதில்லை.

மகிழ் கொஞ்சம் அடங்கியதும் விசாரணை ஆரம்பமானது. டாக்டர், மென்று முழுங்கினாளா என்று கேட்கச் சொன்னார். "மென்னு முழுங்குனியா?" என்றாள் கவிதா. மகிழ் தலையாட்டினாள். கிள்ளான் பக்கம் மேருவில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா சரவணன் போனில் வந்தார். "முழுங்குனியாடா?" ஆமாம். "கீழ போட்டியா?" அதற்கும் ஆமாம். "ஏதாவது ஒன்னு சொல்லுடி!" என்று கவிதா அழுதாள். பிள்ளை அதற்கும் தலையாட்டினாள்.

சுவர் ஓரத்தில் நின்ற எனக்கு அப்போதுதான் உறைத்தது. பயந்துபோன நாலு வயதுப் பிள்ளையிடம் கோபக் குரலில் எதைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்லும். ஆமாம் என்றால் அம்மாவின் கேள்வி நிற்கும் என்று அதற்குத் தெரியும். நம் தொழிலின் முதல் பாடமே இதுதானே? கேட்காதே, செய்யச் சொல். அந்தப் பாடத்தை நான் வாசலிலேயே செருப்போடு விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கேன்டீனுக்கு ஓடி ஒரு ரொட்டி வாங்கினேன். ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு வெள்ளையைத் தண்ணீர் தொட்டுப் பிசைந்தால் களிமண் போலவே வரும். கவிதாவிடம் போனேன். "அஞ்சு நிமிஷம் குடும்மா. ஒன்னும் கேக்க மாட்டேன்" என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள்.

"மகிழ், டீச்சர் பிள்ளையார் செய்யப் போறேன். எனக்குத் தும்பிக்கை வரவே மாட்டேங்குது."

"அப்டி இல்ல டீச்சர்" என்று ஊசி குத்தாத கையால் ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். வயிறு உருட்டினாள். தலை வைத்தாள். தும்பிக்கை வைத்தாள். இரண்டு துணுக்கு பிய்த்து எதிரில் வைத்தேன், கண் என்றுகூட நான் சொல்லவில்லை. ஒன்றை எடுத்து முகத்தில் வைத்தாள். இன்னொன்றை எடுத்து, வயிற்றில் விரலால் குழி தோண்டி உள்ளே போட்டு, மேலே பூசி மூடித் தட்டினாள்.

"உள்ள வச்சிட்டியே?" என்றேன்.

"அவருக்குப் பசிக்குது. அம்மா இன்னும் கொழுக்கட்ட செய்யல."

கவிதா அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

சரவணனுக்கு அடித்தோம். மாற்றுத் துணி எடுக்க அவர் அதற்குள் வீட்டுக்கு வந்திருந்தார். வீடியோவில் பூசை மேடை தெரிந்தது. பூ வைத்து, பொட்டு வைத்து, விளக்கு எரிய, ஒற்றைக் கண்ணோடு பிள்ளையார்.

"பூச பண்ணியாச்சே. சதுர்த்தி அன்னிக்கே எப்டிம்மா ஒடைக்கிறது?" என்றார் மனுஷன்.

"ஒடைக்க வேணாம். பக்கெட்டுல தண்ணி புடிங்க. இன்னிக்கே கரைச்சதா இருக்கட்டும், அவருக்குத் தெரியும்" என்றாள் கவிதா.

வாளியில் இறக்கினார். நாங்கள் மூவரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தும்பிக்கை போனது. தலை போனது. சேற்றுக்குள் கையை விட்டு அளைந்தார். "ஒன்னு இருக்கு, குச்சியோட. அது முகத்துல இருந்தது." மறுபடி அளைந்தார். ரொம்ப நேரம் அளைந்தார். "இந்தா! இந்தா இன்னொன்னு!" என்று விரலை கேமராவுக்கு முன்னால் நீட்டினார். சிவப்பாக, நடுவில் ஓட்டையோடு.

கவிதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் டாக்டரைக் கூப்பிட ஓடினேன், வயசைக் கூட மறந்து ஓடினேன்.

டாக்டர் கேட்டுவிட்டுச் சிரித்தார். ரொட்டிப் பிள்ளையாரைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு மலாய் மரியாதையோடு என்னிடம், "நல்லது புவான். பொட்டலத்தில் மொத்தம் எத்தனை போட்டீர்கள்?" என்றார்.

விரல் விட்டு எண்ணப் பார்த்தேன்.

"இரண்டா, மூன்றா?"

"கொஞ்சம்" என்றேன். வேறு என்ன சொல்வேன்? எனக்குத் தெரியாது. கவிதாவுக்கும் தெரியாது, பிரித்துத் தட்டில் கொட்டியதாக மட்டும் நினைவு. தட்டில் வேறு விதை இல்லை. தரையில் இல்லை என்றார் சரவணன், சோபாவைப் புரட்டிப் பார்த்துவிட்டார். மூன்றாவது ஒன்று இருந்ததா? இருந்திருந்தால் அது எங்கே? கண் கிடைத்தும் பிள்ளையை விடுவிக்க முடியவில்லை. டாக்டரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "அப்படியானால் இங்கேதான் இருக்க வேண்டும்" என்றார்.

நடைபாதையில் உட்கார்ந்து மற்றப் பதினோரு வீட்டுக்கும் செய்தி எழுதினேன். முதலில் என்ன எழுதினேன் தெரியுமா? "அன்புப் பெற்றோரே, விதைகளைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்கவும்." கூடவே ஒரு பூப் படம் வேறு. படித்துப் பார்த்தேன், காறித் துப்பலாம் போல இருந்தது. அழித்துவிட்டு ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டேன். "நான் அனுப்பினது விஷ விதை. தெரியாம அனுப்பிட்டேன். ஓட்டையும் போட்டுட்டேன். இப்பவே எண்ணிப் பாத்து எத்தனை இருக்குன்னு சொல்லுங்க, யாராவது வாயில வச்சிருந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க." கிள்ளானில் ஒரு தாய், "இதை எல்லாம் இப்டி ஒடச்சி சொன்னா ஒங்க பேரு என்னாகும் டீச்சர்?" என்று கேட்டாள். "பேரு கெடக்கட்டும், எண்ணும்மா" என்றேன். மூன்று என்றார்கள், நான்கு என்றார்கள், ஒரு வீட்டில் ஐந்து. இரண்டே இரண்டு வந்ததாகவும் ஒருத்தி சொன்னாள். எல்லாப் பிள்ளைகளும் சுகமாக இருந்தார்கள். ஆனால் அந்தக் கணக்கில் இருந்து மகிழுக்கு எத்தனை போனது என்று யாரால் சொல்ல முடியும்?

இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இரண்டு நாளும் நர்ஸ் வரும் ஒவ்வொரு முறையும் கவிதா எழுந்து நின்றாள். நானும் எழுந்து நின்றேன். அவள் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் ரத்தம் சரியாக இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மகிழ் குதித்து இறங்கிக் கொழுக்கட்டை கேட்டாள். மூன்றாவது விதை ஒன்று இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன் பிறகு தீபாவளி வந்தது. பதினோரு பொட்டலம் கட்டினேன். செந்தூலுக்குக் கட்டவில்லை. எந்த முகத்தோடு அனுப்புவது? இரண்டு நாள் கழித்துக் கவிதா கூப்பிட்டாள்.

"எல்லாருக்கும் வந்துச்சாம். எங்களுக்கு மட்டும் வரலையே டீச்சர்?"

"வேணாம்னு நெனச்சேன்மா."

"மகிழ் கேக்குறா. அனுப்புங்க." பிறகு சொன்னாள், "உள்ள என்னென்ன, எத்தன எத்தனன்னு எழுதி அனுப்புங்க."

எழுதி அனுப்பினேன். பொட்டலம் போய்ச் சேர்ந்த அன்று அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. வணக்கம் இல்லை, நலமா இல்லை. "பாசிமணி பன்னெண்டு. சரியா இருக்கு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு பண்டிகைக்கும் அப்படிச் செய்தி வரும். வகுப்பு ஆரம்பிக்கும் முன் ஒன்று, முடிந்த பின் ஒன்று. அவள் என்னை மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை. எண்ணிச் சொன்னாள், அது போதும்.

இப்போது மகிழுக்குப் பத்து வயது. தம்பிக்கு வரும் பொட்டலத்தை அவள்தான் பிரித்து எண்ணுகிறாள். போன பொங்கலுக்கு, நான் கடைசியாகக் கட்டிய பொட்டலம் அது, வகுப்பு முடிந்து சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். அவள் குரல் வந்தது. "டீச்சர், மணி பதினொன்னுதான் இருக்கு."

அடுப்பை அணைத்தேன். ஒன்றும் ஆகாது என்று சொல்லவில்லை. "தம்பிய ஒக்கார வச்சிப் பாத்துக்க, அம்மாவக் கூப்புடு, நான் வரேன்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். பாதி வழியில் மறுபடி கூப்பிட்டாள். "கெடச்சிருச்சு டீச்சர்! கையிலயே மூடி வச்சிருந்தான். நீங்க வர வேணாம்."

நான் காரைத் திருப்பவில்லை. செந்தூலுக்குப் போய், மாடி ஏறி, அந்தப் பயலின் கையை விரித்து, பன்னிரண்டாவது மணியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். கவிதா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "சாப்ட்டுட்டுப் போங்க டீச்சர்" என்றாள்.

பட்டியலைத் திருப்பி அனுப்புகிறேன். அந்தக் "கொஞ்ச"த்தை அடித்துவிட்டு எண்ணை எழுதிக் கொண்டுவாருங்கள்.